சிறிய கோழிக்கூண்டில் கோழிகள் அடையும் கம்பு: அளவெடுப்பதிலிருந்து பழக்குவது வரை

கோழிக்கூண்டு கட்டுகிறவர்கள் கூரை, கதவு, வலை, முட்டைப் பெட்டி எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்துச் செய்வார்கள். கோழி ராத்திரி உட்காரும் கம்பு மட்டும் கடைசி வேலையாகிவிடும். மிச்சம் கிடக்கிற ஒரு குச்சியை எடுத்து இரண்டு சுவருக்கும் நடுவே செருகினால் முடிந்தது என்று நினைப்பார்கள். கோழியோ தன் வாழ்நாளில் ஏறக்குறைய பாதியை அந்தக் கம்பின் மேல்தான் கழிக்கிறது. பாதத்தில் வரும் புண், நெஞ்செலும்பு வளைவது, முட்டைப் பெட்டி அசுத்தமாவது, இரவில் ரத்தம் குடிக்கும் செள்ளு, சாயங்காலம் தவறாமல் நடக்கும் சண்டை என்று கோழி வளர்ப்பவர்கள் சொல்லும் தொல்லைகளில் பல அந்தக் கம்பிலிருந்தே தொடங்குகின்றன.

நாலு முதல் பத்து கோழிகள் வரை வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பெரிய பண்ணையில் இட நெருக்கடிக்காகச் செய்துகொள்ளும் சமரசங்கள் நமக்குத் தேவையில்லை. ஆனால் கூண்டு சிறிதாக இருக்கிறது என்பதே தனிச் சிக்கல். நாலடி அகலத்துக்குள் கம்பு, முட்டைப் பெட்டி, இறங்கி நிற்கும் தரை மூன்றும் அடங்க வேண்டும். அடங்கும். எதை முதலில் தீர்மானிக்கிறோம் என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது.

கோழி ஏன் உயரம் தேடுகிறது

வீட்டுக்கோழியின் மூதாதை சிவப்புக் காட்டுக்கோழி. பகல் முழுதும் தரையைக் கிளறி மேயும். இருட்டும் முன் மரத்தில் ஏறிவிடும். இருட்டில் கோழிக்குக் கண் தெரியாது, மாலைக்கண்காரர் போலத்தான். தரையில் இருந்தால் வருகிற ஆபத்து தெரியாது, தெரிந்தாலும் ஓட முடியாது. அதனால் வெளிச்சம் குறையக் குறைய அதற்கு ஒரு பதற்றம் வரும். முட்டைக்காகவே உருவாக்கப்பட்ட இன்றைய இனங்களுக்கும் இந்தப் பதற்றம் போகவில்லை. கூண்டுக்குள் எது உயரமாக இருக்கிறதோ அதில்தான் ஏறும். கம்பைவிட முட்டைப் பெட்டியின் கூரை உயரமாக இருந்தால் அதன் மேல் உட்கார்ந்துகொள்ளும். ஜன்னல் சட்டம் அதைவிட உயரம் என்றால் அங்கே போகும்.

ஏறுவது அதற்குப் பெரிய காரியமில்லை. இறக்கையை இரண்டு அடி அடித்துக்கொண்டு ஏறிவிடும். கஷ்டமெல்லாம் இறங்குவதில் இருக்கிறது. விடியலில், அரைகுறை வெளிச்சத்தில், மற்ற கோழிகள் தள்ள, இரண்டு மூன்று கிலோ உடம்பை இரண்டு கால்களில் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். அதனால் கம்பின் இடத்தையும் உயரத்தையும் குறிக்கும்போது கோழி எப்படி இறங்கும் என்று முதலில் கேளுங்கள். கீழே சொல்லியிருக்கும் அளவுகளில் பெரும்பாலானவை அந்தக் கேள்வியிலிருந்து வந்தவைதான்.

முதல் படி: எவ்வளவு நீளம் வேண்டும்

நடுத்தர உடல்வாகுள்ள ஒரு கோழிக்கு 20 முதல் 25 செ.மீ. வைத்துக்கொள்ளுங்கள். பிரம்மா, ஆர்பிங்டன், கொச்சின் போன்ற கனத்த இனங்களுக்கும் பெரிய சேவலுக்கும் 30 செ.மீ. வேண்டும். பேன்டம் எனப்படும் குட்டை இனங்களுக்கு 15 செ.மீ. போதும்.

ஐரோப்பிய ஒன்றியம் முட்டைக்கோழிகளுக்காக 1999-ல் கொண்டுவந்த விதியில் கோழிக்கு 15 செ.மீ. என்று இருக்கிறது. பலர் அதைப் பார்த்துவிட்டு அதையே பின்பற்றுகிறார்கள். அது வணிகப் பண்ணைக்கு விதித்த குறைந்தபட்சம். கோழியின் உடலே கிட்டத்தட்ட அந்த அகலம் இருக்கும். அதில் உட்காரலாம், திரும்பவோ, இறக்கையை விரித்து உதறவோ, பக்கத்தில் இருப்பது கொத்தினால் நகரவோ முடியாது.

கணக்குப் போட்டு வந்த நீளத்தோடு இன்னும் ஒன்றிரண்டு கோழிக்கான இடத்தையும் கூட்டிக்கொள்ளுங்கள். குளிர் நாளில் எல்லாம் நெருக்கி உட்கார்ந்து பாதிக் கம்பு காலியாகக் கிடக்கும், இவ்வளவு நீளம் எதற்கு என்று தோன்றும். வெயில் காலத்தில் பாருங்கள், உடம்பிலிருந்து இறக்கையைச் சற்று விலக்கி, வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டு ஒன்றையொன்று தொடாமல் உட்கார்ந்திருக்கும். இறகு உதிர்க்கும் பருவத்திலும் அப்படித்தான். புது இறகுக் குருத்து முளைக்கும்போது தொட்டாலே வலிக்கும் என்பதால் அந்தக் கோழி தள்ளித்தான் உட்காரும். அதோடு, எல்லாக் கூட்டத்திலும் யாரும் பக்கத்தில் சேர்க்காத ஒரு கோழி உண்டு. அந்த உபரி இடம் அதற்கானது.

இரண்டாம் படி: உயரம்

கோழி இறங்கும் பாதை தரையோடு 45 பாகையைவிடச் செங்குத்தாக இருந்தால் தடுமாறுவது, மோதுவது, தவறி விழுவது எல்லாம் அதிகமாகும் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கூண்டுக் கணக்கில் இதற்கு அர்த்தம்: கம்பு 60 செ.மீ. உயரத்தில் இருந்தால் அதற்கு முன்னால் குறைந்தது 60 செ.மீ. தரை தடையில்லாமல் இருக்க வேண்டும். கால் ஊன்றிய பிறகு ஓரிரண்டு எட்டு வைக்கவும் இடம் வேண்டும் என்பதால் ஒன்றரை மடங்கு, அதாவது 90 செ.மீ. இருந்தால் நிம்மதி. தீவனத் தொட்டி, தண்ணீர்க் குவளை, தாங்கு கால் எதுவும் அந்த இடத்தில் வரக்கூடாது.

ஆக, சிறிய கூண்டில் உயரத்தைத் தீர்மானிப்பது கூரை இல்லை, தரை. கூண்டின் அகலம் 90 செ.மீ.தான் என்றால், சுவரிலிருந்து 30 விட்டுக் கம்பு வைத்த பிறகு முன்னால் மிஞ்சுவது 60. கம்பை 45 செ.மீ.க்கு மேல் கொண்டுபோகாதீர்கள். இன்னும் மேலே வைக்க இடமிருக்கிறதே என்று ஆசைப்பட வேண்டாம்.

பொதுவாகச் சொன்னால் லேசான, நன்றாகப் பறக்கும் இனங்களுக்கு 90 செ.மீ. வரை போகலாம். நடுத்தரக் கோழிக்கு 50 முதல் 70. கனத்த இனங்களுக்கும் வயதான கோழிகளுக்கும் 30 முதல் 45. சில்கி இனத்தின் இறகுகள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளாதவை என்பதால் அதனால் பறக்க முடியாது, 15–20 செ.மீ. உயரத்தில் ஒரு அகலப் பலகை போட்டால் போதும், அதுவும் வேண்டாம் என்று மூலையில் குவியலாகப் படுத்தாலும் விட்டுவிடுங்கள். இறைச்சிக்கோழிகளுக்கும் அதே தாழ்ந்த பலகைதான்.

உயரத்தில் இவ்வளவு கறாராக இருப்பதற்கு நெஞ்செலும்பு ஒரு காரணம். கோழியின் மார்பில் கத்தி முனை போல நீண்டிருக்கும் அந்த எலும்பின் கடைசிப் பகுதி, முட்டையிடத் தொடங்கிய பிறகும் பல வாரங்கள் குருத்தெலும்பாகவே இருக்கும். தவறி விழுந்து கம்பில் மோதினால் முதலில் அடிபடுவது அதுதான். முட்டை ஓட்டுக்குக் கால்சியம் கொடுத்துக் கொடுத்து எலும்பு வலுவிழந்த கோழிகளில் அது உடையவும் செய்யும். வெளியே எதுவும் தெரியாது. வலியோடு நடமாடும், முட்டை குறையும். நமக்குக் காரணம் பிடிபடாது. அடுத்த முறை கோழியைத் தூக்கும்போது மார்பின் நடுவே விரலை வைத்து மேலிருந்து கீழாக ஓட்டிப் பாருங்கள். ஆரோக்கியமான எலும்பு நேர்கோடாக ஓடும். நடுவே பள்ளம், முடிச்சு, ஒரு பக்கமாக வளைவு என்று தட்டுப்பட்டால் உங்கள் கம்பை மறுபடி அளந்து பார்க்க வேண்டிய நேரம் அது.

ஒரே மட்டமா, ஏணி போலவா

என் கருத்து, பத்து கோழிக்குள் இருந்தால் எல்லாக் கம்பும் ஒரே மட்டத்தில் இருக்கட்டும்.

கோழிக் கூட்டத்தில் யார் யாரைக் கொத்தலாம் என்று ஒரு வரிசை உண்டு. நார்வேயைச் சேர்ந்த தொர்லீஃப் ஷெல்டரப்-எப்பே இதைக் கவனித்து 1920-களின் தொடக்கத்தில் எழுதிய பிறகுதான் விலங்குகளின் சமூக வரிசை பற்றி அறிவியலில் பேச்சே பரவலாயிற்று. கோழி வளர்ப்பவர்கள் தினம் சாயங்காலம் அதை நேரில் பார்க்கலாம். ஏணி போல மூன்று படி வைத்தால் எல்லாவற்றுக்கும் மேல்படியே வேண்டும். வரிசையில் மேலே உள்ளவை அதைப் பிடித்துக்கொண்டு மற்றவற்றைக் கொத்தித் தள்ளும். நெரிசலில் மேலிருந்து விழுவது அப்போதுதான் நடக்கிறது. கீழ்ப்படியில் ஒதுங்கிய கோழியின் முதுகில் ராத்திரி முழுதும் மேலே இருப்பவற்றின் எச்சம் விழும்.

இடமே இல்லை, இரண்டு மட்டம் தவிர வேறு வழியில்லை என்றால் கீழ்க்கம்புக்கும் மேல்கம்புக்கும் கிடைமட்டத்தில் 30 செ.மீ. குறையாமல் இடைவெளி விடுங்கள். உயர வித்தியாசம் 30-ஐத் தாண்டக் கூடாது. மேல்கம்பு மட்டுமே எல்லாக் கோழிக்கும் போதுமான நீளத்தில் இருக்கட்டும்; கீழ்க்கம்பை ஏறி இறங்கும் படியாக மட்டும் கணக்கில் வையுங்கள். ஒரே மட்டத்தில் இரண்டு கம்பு போடுவதாக இருந்தாலும் நடுவே அதே 30 செ.மீ. வேண்டும்.

மூன்றாம் படி: எந்தக் கட்டை

மரம்தான். இரும்புக் குழாய் குளிரில் சில்லிடும், வெயிலில் காயும், எப்போதும் வழுக்கும். பி.வி.சி. குழாய் அதைவிட வழுக்கும். வழுக்கும் கம்பில் கோழி ராத்திரி முழுதும் விரலை இறுக்கிப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும்.

கோழி கால் மடக்கி உட்காரும்போது காலின் பின்பக்கத் தசைநாண்கள் இழுபட்டு விரல்கள் தாமாகவே வளைகின்றன. அதனால் மெல்லிய குச்சியைக்கூடப் பிடித்துக்கொள்ளும். பிடிக்க முடிவதால் அது ஏற்றது என்று ஆகிவிடாது. மெல்லிய குச்சியில் உடம்பின் எடை முழுதும் பாதத்தின் ஒரே புள்ளியிலும் நெஞ்செலும்பின் ஒரே இடத்திலும் இறங்கும். அகலமும் மேல்பக்கத் தட்டையும் கூடினால் அந்த அழுத்தம் பரவும். 5 செ.மீ. அகலமுள்ள சதுரக் கட்டை, மேல் விளிம்புகள் இரண்டும் நன்றாக மழுக்கப்பட்டது, நடுத்தரக் கோழிக்குச் சரியாக இருக்கும். கனத்த இனங்களுக்கு 9 செ.மீ. அகலப் பக்கம் மேலே வரும்படி பட்டையான சட்டத்தைப் படுக்க வைக்கலாம். உறைபனி விழும் ஊரில் எல்லாக் கோழிக்கும் இந்த அகலம்தான் நல்லது. பாதம் முழுதும் தட்டையாகப் பதிந்து, வயிற்று இறகு விரல்கள் மேல் மூடிக்கொள்ளும்; விரல் நுனி உறைந்து கருகாது. அகலம் கூடினால் எச்சமும் கட்டை மேல் தங்கும், அதைச் சுரண்டும் வேலை கூடும். அதற்குச் சம்மதித்துக்கொண்டு அகலத்தைத் தேர்ந்தெடுங்கள்.

மரக்கிளையும் அருமையானது. 4 முதல் 6 செ.மீ. தடிமனுள்ள, ஓரளவு நேரான கிளையில் இடத்துக்கு இடம் தடிமன் மாறுவதால் பாதத்துக்கும் நல்லது. ஆனால் பட்டையை முழுக்க உரித்துவிடுங்கள். பட்டைக்கும் மரத்துக்கும் நடுவே உள்ள இடுக்கு செள்ளுக்குக் கட்டிக் கொடுத்த வீடு.

பழைய கட்டையைப் பயன்படுத்துவதாக இருந்தால் பெயின்ட் அடித்ததை எடுக்காதீர்கள். பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். உரிந்த சில்லைக் கோழி கொத்தித் தின்றால் ஈயம் முட்டை வரை வந்துவிடும். புதுக் கட்டைக்கும் வார்னிஷ் வேண்டாம், வழுக்கும்.

வெட்டிய பிறகு இழைப்புளியால் விளிம்புகளைச் சீவி, உப்புத்தாளால் தேய்த்து முடிக்க வேண்டும். முடித்ததும் ஒரு பழைய துணியைக் கட்டை நெடுக இழுத்துப் பாருங்கள். எங்கே துணி மாட்டுகிறதோ அங்கே சிலாம்பு இருக்கிறது. கோழியின் பாதத்தில் அந்தச் சிலாம்பு ஏறினால் அந்தக் காயத்தின் வழியே கிருமி புகுந்து, அடிப்பாதத்தில் கறுப்புப் பொருக்கோடு கட்டி வரும். பம்பிள்ஃபுட் என்று சொல்வது இதைத்தான். முற்றினால் எலும்பு வரை போகும். அதைக் குணப்படுத்துவது ஒரு மாதப் பாடு. உப்புத்தாள் தேய்ப்பது கால் மணி நேரம்.

நான்காம் படி: எந்தச் சுவரில், காற்று எப்படி

கதவுக்கு எதிரே, காற்று நேராக அடிக்காத, பலகையால் அடைத்த சுவரைத் தேர்ந்தெடுங்கள். சுவரிலிருந்து கம்பின் நடுப்பகுதி வரை 30 செ.மீ. விடுங்கள். அதைவிடக் குறைந்தால் வால் சுவரில் உரசி இறகு ஒடியும், சுவரெல்லாம் எச்சம் படியும். கம்பிலிருந்து கூரை வரை 45 செ.மீ.க்குக் குறையக் கூடாது. கொண்டை இடிக்காமல் நிமிர்ந்து நிற்க முடிய வேண்டும், ஏறும்போது இறக்கை அடிக்கவும் இடம் வேண்டும்.

காற்றோட்டம் வேறு, காற்று அடிப்பது வேறு. எச்சத்திலிருந்து எழும் அமோனியாவும் மூச்சிலிருந்து வரும் ஈரமும் மேலே போய் வெளியேற வேண்டும். அதற்கான திறப்புகள் உட்கார்ந்திருக்கும் கோழியின் தலைக்கு மேலே, கூரையை ஒட்டி, எதிரெதிர்ச் சுவர்களில் இருக்கட்டும். கம்பின் மட்டத்தில் காற்று வீசக் கூடாது. குளிர் காலத்தில் கோழியைப் படுத்துவது குளிரைவிட இந்த ஈரம்தான். குளிருக்குப் பயந்து எல்லாத் திறப்பையும் அடைப்பவர்கள் இந்த ஈரத்தைத்தான் கூட்டிக்கொள்கிறார்கள். சோதித்துப் பார்க்க எளிய வழி உண்டு. கம்பிலிருந்து ஒரு மெல்லிய காகிதத் துண்டை நூலில் கட்டித் தொங்கவிடுங்கள். காற்றுள்ள ராத்திரியில் அது ஆடாமல் இருக்க வேண்டும். அதேபோல விடிகாலையில் கதவைத் திறந்ததும் குனிந்து, கோழியின் தலை இருக்கும் உயரத்தில் மூச்சை இழுங்கள். மூக்கில் சுருக்கென்று ஏறினால் கோழியின் கண்ணும் நுரையீரலும் ராத்திரி முழுதும் அதைத் தாங்கியிருக்கின்றன என்று அர்த்தம்.

கம்பின் முனை வலைச் சுவரில் முடிந்தால் அந்த இடத்தை ஒரு பலகையால் அடைத்துவிடுங்கள். வலைக்கு வெளியிலிருந்து கால் நுழைக்கும் பிராணிகளுக்கு ஓரத்தில் தூங்கும் கோழிதான் முதல் இரை.

ஐந்தாம் படி: பொருத்துவது

கம்பை ஆணி அடித்து நிரந்தரமாக்காதீர்கள். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் கேட்பேன் என்பவர்கள் இதைக் கேளுங்கள். கம்பு கையால் தூக்கியதும் கழன்று வர வேண்டும். சுத்தம் செய்வதும் செள்ளைப் பிடிப்பதும் அப்போதுதான் நடக்கும்.

இரண்டு பக்கச் சுவரிலும் ஆளுக்கொரு தாங்கிக் கட்டையை ஸ்க்ரூ போட்டு இறுக்குங்கள். அதன் மேல்பக்கத்தில் கம்பு உட்காரும் அளவுக்கு ‘ப’ எழுத்தை ஒத்த, மேலே வாய் திறந்த பள்ளம் வெட்டுங்கள். பள்ளம் கம்பைவிட ஒரு நூல் அகலமாக இருந்தால் தூக்க வரும், ஆடாது. கம்பைச் சுவரிடைத் தூரத்தைவிட ஒரு செ.மீ. குறைத்து அறுங்கள். உருண்டைக் கிளையாக இருந்தால் பள்ளத்தில் உருளும். முனைகளின் அடிப்பக்கத்தைச் சற்றுத் தட்டையாகச் செதுக்கிவிட்டால் நிற்கும். உருளும் கம்பில் ஒரு முறை தடுமாறிய கோழி மறுபடி அதில் ஏற யோசிக்கும்.

ரசமட்டம் வைத்து இரு முனையும் சமமாக இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒரு பக்கம் சற்று உயர்ந்திருந்தாலும் எல்லாம் அந்தப் பக்கமே நெருக்கும். கம்பு ஒன்றரை மீட்டருக்கு மேல் போனால் நடுவிலும் ஒரு தாங்கி வையுங்கள். கடைசியாக, உங்கள் கையால் நடுவில் அழுத்தி உடம்பு எடையில் கொஞ்சம் சாய்ந்து பாருங்கள். வளையவோ முனகவோ கூடாது.

எச்சப் பலகை

கோழி நாள் முழுதும் இடும் எச்சத்தில் பெரும் பங்கு ராத்திரி ஒரே இடத்தில், கம்புக்குக் கீழே விழுகிறது. அதைத் தரையில் பரப்பிய கூளத்தில் விழவிட்டால் அங்கே ஈரமும் அமோனியாவும் சேரும், கோழி அதில்தான் இறங்கி நடக்கும். கம்புக்கு 15–20 செ.மீ. கீழே ஒரு பலகையை வைத்து, முன் விளிம்பில் சிறு வரம்பு அடித்து, மேலே மணலோ உலர்ந்த மரத்தூளோ தூவிவிடுங்கள். காலையில் ஒரு சுரண்டியால் வழித்தால் உரக்குழிக்கு நேராகப் போய்விடும். அப்படியே நோயும் முன்கூட்டியே கண்ணில் படும். வழக்கமான எச்சம் கெட்டியாக, ஒரு ஓரத்தில் வெள்ளையாக இருக்கும். ரத்தமோ, பச்சை நீரோ கண்டால், எந்தக் கோழி எங்கே உட்காரும் என்பது உங்களுக்குத் தெரிந்திருந்தால் சந்தேகத்தை ஒன்றிரண்டு கோழிக்குள் சுருக்கிவிடலாம்.

ஆறு கோழிக்கு ஒரு மாதிரி

சொன்னதையெல்லாம் ஒரு கூண்டில் வைத்துப் பார்ப்போம். உள் அளவு நீளம் 180, அகலம் 120, உயரம் 150 செ.மீ. நடுத்தர எடையில் ஆறு பெட்டைக்கோழிகள்.

கம்பு நீளவாக்கில், பின்சுவருக்கு இணையாக, அதிலிருந்து 30 செ.மீ. தள்ளி. நீளம் 179. ஆறு கோழிக்கு 25 வீதம் 150. மீதி 29 ஒரு கோழிக்கான உபரி. உயரம் 60. நடுவில் பின்சுவரிலிருந்து நீட்டிய ஒரு தாங்கி. கம்புக்கு முன்னால் 90 செ.மீ. இருக்கிறது. 40 செ.மீ. உயரத்தில் எச்சப் பலகை, பின்சுவரிலிருந்து 55 அகலம். பலகைக்கு முன்னால் 65 செ.மீ. வெறும் தரை. கோழி நேரே தரைக்குக் குதிக்கலாம், தயங்குவது முதலில் பலகையில் இறங்கி அங்கிருந்து குதிக்கலாம்.

முட்டைப் பெட்டி இரண்டு, பக்கச் சுவரின் முன்பாதியில், வெளியே நீட்டியபடி, தரையிலிருந்து 30 செ.மீ. உயரத்தில். உள்ளே நீட்டினால் இறங்கும் தரையைத் தின்றுவிடும். பெட்டி கம்பைவிடத் தாழ்வாகவே இருக்க வேண்டும், இல்லையென்றால் கோழி அதில் தூங்கி முட்டையெல்லாம் எச்சம் படியும். காற்றுத் திறப்புகள் 130 செ.மீ.க்கு மேலே. தீவனமும் தண்ணீரும் கூண்டுக்கு வெளியே, மேய்ச்சல் அடைப்பில்.

ஆறாம் படி: பழக்குவது

கம்போடு வளர்ந்த குஞ்சுக்குப் பழக்கவே வேண்டாம். இரண்டு மூன்று வார வயதிலேயே எதன் மேலாவது ஏறிப் பார்க்கும். அப்போதே 10 செ.மீ. உயரத்தில் ஒரு மெல்லிய கம்பு போட்டுவிட்டால் பெரிதானதும் உயரத்தை அளந்து குதிக்கும் திறமை தானாக வந்துவிடும். கம்பே பார்க்காமல் வளர்ந்த விடைக்கோழிகளை (முட்டையிடும் பருவத்தை எட்டும் இளம் பெட்டைகளை) வாங்கினால்தான் பொறுமை தேவைப்படும்.

முதல் சில நாள் 25 செ.மீ. உயரத்தில் ஒரு தற்காலிகக் கம்பு வையுங்கள். பொழுது சாயும் முன் முட்டைப் பெட்டிகளின் வாயை அட்டையால் மூடுங்கள். இருட்டியதும் மங்கிய விளக்கோடு போய், தரையில் படுத்திருப்பதை இரண்டு கையாலும் இறக்கையோடு சேர்த்துத் தூக்கி, நெஞ்சு கம்பில் படும்படி வையுங்கள். கால் தானாகத் தேடிப் பற்றும். பற்றிய பிறகு கையை மெல்ல எடுங்கள். இருட்டில் மறுபடி இறங்காது. காலையில் முதல் வேலையாக அட்டையை எடுத்துவிட வேண்டும், முட்டையிட வருகிறவை காத்திருக்கா. சில நாளில் ஒன்று தானாக ஏறும். அதைப் பார்த்து மற்றவையும் ஏறும். கூண்டுக்குள் விளக்கு போட்டிருந்தால் அதைப் பட்டென்று அணைக்காதீர்கள். ஏறாமல் நிற்பவை நின்ற இடத்திலேயே இருட்டில் மாட்டிக்கொள்ளும்.

கம்பில் ஏறாத கோழி என்ன சொல்கிறது

எல்லாம் சரியாக இருந்து ஒரே ஒரு கோழி மட்டும் தரையில் தூங்கினால், அதைத் தினம் தூக்கி வைத்துக்கொண்டிராமல் சாயங்காலம் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். ஏறப் பார்த்து, மேலே இருப்பது கொத்தியதும் இறங்குகிறதா? இடம் போதவில்லை, அல்லது அந்த ஒரு கோழிக்கு எல்லோரும் எதிரி. கம்பு நடுவில் ஒரு குறுக்குப் பலகையை நிறுத்தி இரண்டு அறை போலப் பிரித்தால் கொத்தும் கோழியின் பார்வை மறையும். மேலே பார்த்து, உடம்பைத் தாழ்த்தி, குதிக்கப் போய் நின்றுவிடுகிறதா? உயரம் அதற்குக் கூடுதல், அல்லது காலில் வலி. தூக்கி அடிப்பாதத்தைப் பாருங்கள். ஏறும் எண்ணமே இல்லாமல் இறகைச் சிலிர்த்து, கழுத்தை உள்ளே இழுத்து நிற்கிறதா? அது நோய். பிரித்து வைத்துக் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். முட்டைப் பெட்டியில் தட்டையாகப் படுத்து, கை நீட்டினால் உறுமுவது அடைக்கோழி. அதற்கும் கம்புக்கும் சம்பந்தமில்லை.

நேற்றுவரை ஏறிக்கொண்டிருந்த எல்லாக் கோழியும் திடீரென்று கம்பைத் தவிர்த்தால் சந்தேகம் செள்ளு மேல்தான் போக வேண்டும்.

சிவப்புச் செள்ளு

ரெட் மைட் என்று சொல்லப்படும் இது ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. பகலில் கோழி மேல் இருக்காது என்பதால் கோழியைப் புரட்டிப் பார்ப்பவர்கள் கண்ணில் படாது. கம்பும் தாங்கியும் சேரும் இடுக்கில் ஒளிந்திருந்து, இருட்டியதும் ஏறி ரத்தம் குடித்துவிட்டு விடியுமுன் திரும்பிவிடும். வெதுவெதுப்பான காலத்தில் ஒரே வாரத்தில் ஒரு தலைமுறை முடியும். கோழியே இல்லாத கூண்டிலும் பல மாதம் பட்டினி கிடந்து பிழைத்திருக்கும். கொண்டை வெளுப்பது, முட்டை குறைவது, முட்டை மேல் சிவப்புப் புள்ளி ஆகியவை தெரியும்போது ஏற்கெனவே பெருகியிருக்கும்.

மாதம் ஒரு முறை, வெயில் காலத்தில் வாரம் ஒரு முறை, இருட்டிய பிறகு டார்ச்சோடு போய் ஒரு வெள்ளைக் காகிதத்தைக் கம்பின் அடிப்பக்கத்தில், முக்கியமாக முனைகளில் அழுத்தித் துடையுங்கள். சிவப்புக் கீறல் விழுந்தால் உண்டு. காலையில் கம்பைக் கழற்றி வெளியே கொண்டுபோய், கொதிக்கும் தண்ணீரை முனைகளிலும் விரிசல்களிலும் ஊற்றித் தேய்த்து, வெயிலில் நன்றாகக் காயவிடுங்கள். தாங்கியின் பள்ளத்தையும் அப்படியே. காய்ந்ததும் கம்பின் இரு முனையிலும் சமையல் எண்ணெயைக் கொஞ்சம் தாராளமாகத் தடவி மாட்டினால் ஊர்ந்து போகிறவை அதில் ஒட்டிக்கொள்ளும். ஐந்தாறு நாள் இடைவெளியில் இதை மூன்று முறையாவது திரும்பச் செய்ய வேண்டும், முதல் தடவை தப்பிய செள்ளு முட்டைகள் அதற்குள் பொரிந்திருக்கும். மண்ணெண்ணெய், பழைய இன்ஜின் ஆயில் இரண்டும் வேண்டாம். அதன் ஆவியைக் கோழி ராத்திரி முழுதும் சுவாசிக்கும், பாதத்திலும் வயிற்றுத் தோலிலும் ஒட்டும். அதற்கும் அடங்கவில்லையென்றால் மருந்தைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டு, முட்டையை எத்தனை நாள் தவிர்க்க வேண்டும் என்பதையும் சேர்த்துக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கம்பைக் கழற்றும் அதே நாளில் மேற்பரப்பையும் கையால் தடவிப் பாருங்கள். நகம் பட்டுப் பட்டு மேற்புறம் நார் நாராக எழும்பியிருந்தால் உப்புத்தாள். விரிசல் ஆழமாகியிருந்தால் கட்டையைப் புரட்டி அடிப்பக்கத்தை மேலே கொண்டுவரலாம், நாலு விளிம்பையும் முதலிலேயே மழுக்கியிருந்தால். அதுவும் தேய்ந்த பிறகு புதுக் கட்டை அறுக்க வேண்டியதுதான்.